மஆதியில் ஒரு சூரிய இயந்திரம்

மீலாத் விழாப் பேச்சுப் போட்டிக்கு ஒரு மாணவனுக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். சூரிய ஒளியிலிருந்து சக்தி பெறும் வழியை உலகுக்குத் தந்தவர் இப்னுல் ஹைதம் என்று அதில் ஒரு வரி. பாடமாக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "அப்ப அவர் ஏன் சேர் மெஷின் ஒண்டும் செய்யல்ல?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. தமிழ் படித்த எனக்கு விஞ்ஞானம் தூரம். வெட்கத்தில் தேடிப் படித்தேன்.

இப்னுல் ஹைதம் 965இல் பஸராவில் பிறந்தவர். நைல் நதியின் பெருக்கைக் கட்டுப்படுத்தலாம் என்று நம்பி எகிப்து வந்தார் என்றும், ஆற்றோடு மேலே போய்ப் பார்த்த பிறகு இது ஆகாத காரியம் என்று கைவிட்டார் என்றும் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கெய்ரோவில் ஏறத்தாழ 1040இல் வபாத்தானார். பரவளைவு வடிவ எரிகண்ணாடிகள் பற்றி அவர் தனியாக ஒரு நூல் எழுதினார். சூரியனை நேரே நோக்கிய அத்தகைய கண்ணாடியில் படும் கதிர்கள் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து கூடும் என்பதைக் கேத்திரகணிதத்தால் நிறுவினார். அவருக்கு முன்பே இப்னு ஸஹ்ல் இத்துறையில் எழுதியிருந்தார். அதற்கும் முன்பு கிரேக்கர் அறிந்திருந்தனர். இப்னுல் ஹைதமே முன்னோரைக் குறிப்பிடுகிறார். மேடை ஏறும் நாம்தான் அதை விட்டுவிடுகிறோம்.

கண்ணாடி வெப்பத்தைக் கூட்டித்தரும். அந்த வெப்பம் வேலை செய்ய வேண்டுமென்றால் கொதிகலனும் நீராவி இயந்திரமும் வேண்டும். மாணவனின் கேள்விக்கு விடை அவ்வளவுதான்: அவை வர இன்னும் பல நூற்றாண்டுகள் இருந்தன.

இரண்டும் சேர்ந்த இடங்களில் ஒன்று அதே கெய்ரோவுக்குத் தெற்கே, நைல் கரையிலுள்ள மஆதி. பிராங்க் ஷூமன் என்ற அமெரிக்கர் 1913இல் அங்கே ஐந்து நீண்ட கண்ணாடித் தொட்டிகளை இயக்கினார். ஒவ்வொன்றும் 62 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், குறுக்குவெட்டு பரவளைவு. நடுவே கொதிகலன் குழாய். சூரியன் நகர நகரத் தொட்டிகளும் திரும்பும். முதலில் வைத்த நாகக் குழாய்கள் வெயிலின் சூட்டில் இளகிவிட்டன. பிறகு இரும்பு போட்டார்கள். ஏறத்தாழ 55 குதிரைவலு கிடைத்தது. இப்னுல் ஹைதம் கைவிட்ட அந்த நைலின் தண்ணீரை இந்த இயந்திரம் நிமிடத்துக்கு 6000 கலன் வீதம் வயலுக்கு ஏற்றியது. நிலக்கரியைக் கப்பலில் வரவழைக்கும் நாட்டுக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆனால் மூலதனம் பெரும்பாலும் பிரித்தானியருடையது. ஆதரவு தந்தவர் எகிப்தில் பிரித்தானியப் பிரதிநிதியாக இருந்த கிச்சனர் பிரபு. சூடானில் பருத்தி பயிரிட 30,000 ஏக்கர் தருவதாகச் சொன்னார். ஜேர்மன் பாராளுமன்றமும் தன் ஆபிரிக்கக் குடியேற்ற நாட்டுக்காகப் பணம் ஒதுக்கியது.

இங்கே நமக்குப் பழக்கமான ஒருவர் நினைவுக்கு வருகிறார். 1882இல் எகிப்தைப் பிரித்தானியர் கைப்பற்றியபோது எதிர்த்து நின்று, 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட ஒராபி பாஷா. நம் கல்வி வரலாற்றில் அவரை எழுதுகிறோம், ஸாஹிராவோடு சேர்த்து. அவர் தோற்றதால் யார் கையில் எகிப்து போனதோ, அவர்கள் கையில்தான் மஆதியின் வெயிலும் இருந்தது. 1901இல் ஊர் திரும்பிய அவர் 1911இல் மரணித்தார். அதே ஆண்டுதான் கிச்சனர் அந்தப் பதவிக்கு வந்தார்.

1914இல் யுத்தம். பொறியியலாளர்கள் தத்தம் நாடுகளுக்குப் போனார்கள். இயந்திரம் பழைய இரும்பாகப் பிரிக்கப்பட்டது. ஷூமன் 1918இல் இறந்தார். பிறகு எண்ணெய் மலிந்தது. தொட்டிகளை யாரும் நீண்ட காலம் தேடவில்லை. பிழைத்துப்போன இயந்திரம் என்று இதைச் சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அது நன்றாகவே ஓடியது. நிறுத்தியது ஐரோப்பியரின் சண்டை.

2011இல் கெய்ரோவுக்குத் தெற்கே குரைமாத்தில் அதே பரவளைவுத் தொட்டிகள் திரும்ப வந்தன. குழாயில் இப்போது எண்ணெய் ஓடுகிறது. அதன் சூட்டில் உண்டாகும் நீராவி சுழலியைச் சுற்றி மின்சாரம் தருகிறது. நிலையத்தின் 140 மெகாவாற்றில் வெயிலின் பங்கு 20 மட்டுமே, மிச்சம் இயற்கை வாயு. உரிமை எகிப்து அரசுடையது.

பேச்சில் அந்த வரியை வெட்டிவிட்டு, மஆதியைச் சேர்த்துக் கொடுத்தேன். நேரம் கூடிப்போச்சு என்று நடுவர்கள் புள்ளி குறைத்தார்கள். அவனுக்குக் கவலையில்லை, வகுப்பறைக்குப் பின்னால் தகரத் துண்டொன்றை வளைத்துக்கொண்டு நிற்கிறான்.