மண்ணில் கிடைத்த ரெண்டு மருந்து, உடம்பு இழந்த உப்பு

எங்க திருப்பனந்தாள் பக்கம் வயல் வச்சிருக்கிறவங்களுக்கு இது தெரியும்: வடிமடை திறந்து கிடந்தா, எத்தனை தண்ணி பாய்ச்சினாலும் நிக்காது. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை முடிந்த ஒரு சொந்தக்காரரின் பரிசோதனைத் தாள்களைப் புரட்டியபோது அதுதான் ஞாபகம் வந்தது. தினமும் பொட்டாசியம் ஏற்றுகிறார்கள். மறுநாள் பார்த்தால் மறுபடி குறைவு. ஏன் என்று தேடப்போய்க் கிடைத்த கதை இது.

இந்தியாவில் எலும்பு மஜ்ஜை மாற்று 1983-ல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் தொடங்கியது. 1986-ல் வேலூர் சி.எம்.சி.யில் ஆரம்பித்தார்கள். இந்தச் சிகிச்சைக்குத் தோள் கொடுத்த மருந்துகளில் ரெண்டு, மண்ணிலிருந்து வந்தவை.

முதலாவது ஆம்போடெரிசின்-பி. 1950-களில், வெனிசுலாவின் ஒரினோகோ நதிப் பகுதி மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. எதிர்ப்பு சக்தியே இல்லாத அந்த வாரங்களில் பூஞ்சைத் தொற்று வந்தால் உயிருக்கே ஆபத்து. அதைக் கொல்லும் மருந்து இது. அடுத்தது சைக்ளோஸ்போரின். நார்வே பீடபூமி ஒன்றில் 1969-ல் அள்ளிய மண்ணில் கிடைத்த பூஞ்சை, சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் கம்பெனி ஆய்வகத்துக்குப் போனது. புதிதாக வந்த அணுக்கள் நோயாளியின் உடம்பையே தாக்காமல் இது அடக்கிவைக்கும்.

ரெண்டுமே சிறுநீரகத்தில் கை வைக்கும். ஆம்போடெரிசின் பூஞ்சையின் சவ்வில் ஓட்டை போடுகிற மருந்து. சிறுநீரகக் குழாய் அணுக்களையும் அது விடுவதில்லை. பொட்டாசியமும் மெக்னீசியமும் சிறுநீரில் போய்விடும். சைக்ளோஸ்போரின் பொட்டாசியத்தைப் பெரும்பாலும் தேக்கிவைக்கும், மெக்னீசியத்தை மட்டும் வெளியே விடும். பொட்டாசியம் ரொம்பக் குறைந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். மெக்னீசியம் ரொம்பக் குறைந்தால் வலிப்புகூட வரலாம்.

வடிமடை இங்கதான் இருக்கு. மெக்னீசியம் குறைந்தால், சிறுநீரகத்தில் பொட்டாசியம் வெளியேறும் வழி திறந்தே கிடக்கும். முதலில் மெக்னீசியத்தை நிரப்பணும். ஆனா வழக்கமான எலக்ட்ரோலைட் பரிசோதனையில் பெரும்பாலும் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட்தான் வரும். மெக்னீசியத்தைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்கணும்.

லிப்போசோமில் அடைத்த ஆம்போடெரிசின் 1990-களில் வந்த பிறகு சிறுநீரகச் சேதம் குறைந்தது, ஒரேயடியாகப் போய்விடவில்லை. சொந்தக்காரரின் தாள்களை மறுபடி தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். மெக்னீசியமும் சேர்த்து ஏற்ற ஆரம்பித்த பிறகுதான் பொட்டாசியம் ஒரு நிலையில் நின்றிருந்தது.