பட்டியலில் பேர் இருந்தால்தான் ஓட்டு



மலருக்கு யார் யார் எதை எழுதுவது என்று பேசியபோது ஆட்டுக்கடன், தென்னை நார், சேமிப்பு என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். ஓட்டைப் பற்றி நான் எழுதுகிறேன் என்று நானேதான் கேட்டு வாங்கினேன். அதற்குக் காரணம் ஏழு ஓட்டு.

2019 டிசம்பரில் நடந்த ஊராட்சித் தேர்தலில் எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி வார்டு உறுப்பினருக்கு நின்றது. பத்து வருஷமாக எங்கள் குழுவுக்குக் கணக்கு எழுதுகிற பிள்ளை. ஏழு ஓட்டில் தோற்றுப்போனது. அடுத்த வாரக் கூட்டத்தில் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தோம். வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்து, ஓட்டுப் போடாதவர்கள் யார் என்று ஒவ்வொருத்தராகக் கேட்டேன். அந்த வார்டில் மட்டும் எங்கள் இரண்டு குழுவிலும் சேர்த்துப் பதினொரு பேர்! கல்யாணமாகி வந்து பேரை மாற்றாமல் விட்டவர்கள் ஆறு பேர். எப்போதுமே பேர் சேர்க்காதவர்கள் மூன்று பேர். மீதி இரண்டு பேர் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவர்கள்தான். பட்டியலில் பேர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளை யாரையும் குறை சொல்லவில்லை. “விடுங்கக்கா”ன்னு சொல்லிட்டு சேமிப்புப் பணத்தை எண்ண ஆரம்பிச்சுது. எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

என் கதையும் லேசுப்பட்டதல்ல. 1989-ல்தான் ஓட்டுப் போடும் வயதை இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைத்தார்கள். அந்த வருஷக் கடைசியில் வந்த நாடாளுமன்றத் தேர்தலில் பதினெட்டு வயதுப் பெண்ணாக நான் ஓட்டுப் போட்டேன். 1992-ல் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தேன். 1996 அக்டோபரில் ஊராட்சித் தேர்தல் வந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கி இங்கே நடந்த முதல் தேர்தல் அது. எங்கள் வார்டே பெண்கள் வார்டு. என் பேரோ பிறந்த ஊர்ப் பட்டியலில் கிடந்தது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மற்றவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் அந்தப் பதினொரு பேரையும் அதட்ட எனக்கு வாய் வரவில்லை.

இந்த ஓட்டு நமக்கு எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டியது. ஓலையில் பேரெழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பெருமையான விஷயம்தான். ஆனால் அந்தக் குடத்தில் பேர் விழ வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், படிப்பு வேண்டும். பெண் பேர் அதில் விழுந்ததில்லை.

ஆயிரம் வருஷம் கழித்து, 1921-ல், சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு வந்தது. இந்தியாவிலேயே இதை முதலில் கொடுத்த மாகாணங்களில் நம்முடையது ஒன்று. அப்போதும் சொத்தும் வரியும் உள்ள பெண்களுக்கு மட்டும்தான். கூலிக்குக் களை பறிக்கிறவளுக்கு ஏது சொத்து? 1926-ல் பெண்கள் சட்டசபைக்கு நிற்கலாம் என்றானதும் கமலாதேவி சட்டோபாத்யாய மங்களூரில் நின்று, கொஞ்சம் ஓட்டில் தோற்றார். (நம்ம தங்கச்சிக்கு இதை நான் சொன்னபோதுதான் முதல் தடவையாகச் சிரிச்சுது.) டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராக உள்ளே போய், 1927-ல் துணைத் தலைவராகவும் ஆனார். பிறகு 1935-ல் வந்த சட்டம் ஓட்டுரிமையை இன்னும் கொஞ்சம் விரித்தது. படித்த பெண்களுக்கு ஓட்டு. சொத்துள்ளவனின் பெண்டாட்டி என்றாலும் ஓட்டு. புருஷன் வரி கட்டினால் மனைவிக்கு ஓட்டு, எப்படி இருக்கிறது பாருங்கள்!

சுதந்திரம் வந்த பிறகுதான் நிலம், படிப்பு, சாதி எதையும் பார்க்காமல், இருபத்தொரு வயதான எல்லோருக்கும் ஓட்டு என்று ஆனது. 1951-52-ல் முதல் பொதுத் தேர்தல். பட்டியல் தயாரிக்க வீடு வீடாகப் போனவர்களிடம் வடக்கே பல பெண்கள் தங்கள் பேரையே சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றுதான் எழுதவைத்தார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென், பேர் இல்லாமல் பட்டியல் இல்லை என்று கறாராக இருந்தார். கடைசியில் ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். அநியாயம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அவர் செய்தது சரி என்றுதான் படுகிறது. அடுத்த தேர்தலுக்குள் அந்தப் பெண்களில் பலரும் வாய் திறந்து தங்கள் பேரைச் சொன்னார்கள்.

நம் பக்கம் கதை வேறே. இங்கே பெண்கள் தங்கள் பேரைச் சொல்வார்கள், வீட்டுக்காரர் பேரைத்தான் சொல்லமாட்டார்கள். எங்கள் தாத்தாவுக்கு முருகன் பேர். கணக்கெடுக்க வந்தவர் புருஷன் பேரைக் கேட்டதற்கு எங்கள் அம்மாயி பழனி மலை இருக்கிற திசையில் கையைக் காட்டிக் கும்பிட்டுதாம். அவரும் புரிந்துகொண்டு எழுதிக்கொண்டாராம். சாகும்வரைக்கும் ஒரு தேர்தலையும் விட்டதில்லை அம்மாயி. நம் மாவட்டத்திலேயே காந்திகிராமம் நடத்திய டாக்டர் சௌந்தரம், 1952-ல் ஆத்தூரிலும் 1957-ல் வேடசந்தூரிலும் சட்டமன்றத்துக்கு ஜெயித்தார், 1962-ல் திண்டுக்கல் எம்.பி. ஆனார். “டாக்டரம்மாவே டெல்லிக்குப் போறாங்க, நாம சாவடி வரைக்கும் போகக் கூடாதா?” என்று அம்மாயி சொல்லும்.

ஊராட்சித் தேர்தல் மட்டும் ஒழுங்காக நடந்ததே இல்லை. 1970-க்குப் பிறகு 1986-ல்தான் நடந்தது. அடுத்தது 1996. இடையில் எல்லாம் அதிகாரிகள் கையில்தான் ஊராட்சி. 73-வது சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்து, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று கட்டாயமாக்கியது. 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது.

அப்படி வந்த பெண்கள் சும்மா இருக்கவில்லை. மதுரை வில்லாபுரத்தில் கைத்தறி நெய்த லீலாவதி 1996-ல் மாநகராட்சிக் கவுன்சிலர் ஆனார். பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் வர வேண்டும் என்று விடாமல் நின்றார். 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவர்களுக்கு என்று ஒதுக்கியதும், தேர்தலையே நடக்கவிடாமலும், ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்யவைத்தும் பத்து வருஷம் ஓட்டினார்கள். 2006-ல்தான் அங்கே முறையாகத் தலைவர்கள் உட்கார முடிந்தது. ஒன்றுக்கும் உதவாத பதவி என்றால் இவ்வளவு பேர் இவ்வளவு பாடுபட்டுத் தடுத்திருப்பார்களா?

பெண் ஜெயித்த ஊரில் எல்லாம் பெண்தான் ஆள்கிறாள் என்று நான் பொய் சொல்லமாட்டேன். “தலைவர் வீட்டுக்காரர்” என்று ஒரு பதவியே உண்டு, உங்களுக்கும் தெரியும். கையெழுத்து அம்மாவுடையது, பேச்சு ஐயாவுடையது. ஆனால் குழுவில் இருந்து வந்த பெண்களிடம் இது குறைவு என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வங்கியில் மேலாளர் முன்னால் உட்கார்ந்து பேசிப் பழகியவளுக்கு பி.டி.ஓ. ஆபீஸ் படி ஏறப் பயம் இருக்காது.

2016-ல் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தது. அந்த வருஷம் அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகி, மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. தேர்ந்தெடுத்த ஊராட்சி இல்லை என்று மத்திய நிதிக்குழு மானியமும் நின்றுபோனது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது என்றே தெரியாமல் கிடந்தோம். நமக்கு 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் தேர்தல் நடந்தது. பாதி இடம் பெண்களுக்கு என்று நடந்த முதல் தேர்தல். அவர்களுடைய காலமும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, மறுபடி தனி அலுவலர்தான்.

அடுத்தது எப்போது வந்தாலும் நம் கையில் நான்கு சீட்டு கொடுப்பார்கள். வெள்ளை வார்டு உறுப்பினருக்கு, இளஞ்சிவப்பு ஊராட்சித் தலைவருக்கு, பச்சை ஒன்றியக் கவுன்சிலருக்கு, மஞ்சள் மாவட்டக் கவுன்சிலருக்கு. சட்டமன்றப் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரித்து இதற்கும் வைக்கிறார்கள். அதில் பேர் இல்லையென்றால் அட்டை இருந்தும் பிரயோசனம் இல்லை. புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. வீடு மாறினாலும், பேரில் எழுத்துப் பிழை இருந்தாலும் படிவம் 8. உங்கள் சாவடியின் நிலை அலுவலரிடம் கொடுக்கலாம், செல்போனிலும் போடலாம். பதினெட்டு முடிகிற பிள்ளைகளுக்கு வருஷத்தில் நான்கு தகுதித் தேதி உண்டு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1.

அந்தப் பதினொரு பேரில் ஒன்பது பேருக்கு இப்போது இங்கே பேர் இருக்கிறது. ஒருத்தி திருப்பூருக்குக் குடிபோய்விட்டாள். இன்னொருத்தியுடைய படிவத்தை இரண்டு தடவை நிரப்பிக் கொடுத்தேன், இரண்டு தடவையும் போட்டோ ஒட்ட மறந்துவிட்டாள். வருகிற மாதக் கூட்டத்துக்குப் போட்டோவோடு வரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டு மருமகள்களையும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வாங்க. பழைய ஊர் அட்டை நகலும் ஆதார் நகலும் கையோடு இருக்கட்டும்.