பாரசீகச் சிற்றூரும் சித்தூர் வருவாய்ச் சொற்களும்

பாரசீகம் பேசும் ஒரு சிற்றூரின் இருப்பிடத்தையும் மக்கள்தொகையையும் கூறும் ஈரானியக் கணக்கெடுப்புக் குறிப்பைத் தமிழாக்க முற்படுவோர்க்கு அதன் சொற்கள் சில முன்பே பழகியவைபோல் தோன்றும். சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் நிலவும் வருவாய்த்துறை வழக்கே இதற்குக் காரணம். இப்பழக்கம் எங்குத் துணைசெய்கிறது, எங்கு வழி பிறழச் செய்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இப்பகுதி ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1740இல் நவாபு தோஸ்து அலி கான் மராட்டியரோடு பொருது மாண்ட தாமலச்செருவுக் கணவாய் இங்கேயே உள்ளது. பாரசீகம் நவாபுகளின் அவைமொழியாகவும் ஆவணமொழியாகவும் விளங்கிற்று. ஊர்மக்கள் பேசியவை தெலுங்கு, தமிழ், தக்கணி உருது முதலியனவே. 1801இல் ஆட்சி கும்பினியார் கைக்கு மாறிய பின்னரும், 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்த பின்னரும் ஜில்லா, தாலுகா, பிர்கா, கஸ்பா, ஜமாபந்தி, பசலி முதலிய சொற்கள் நிலைபெற்றன. இவற்றுட் பலவற்றின் வேர் அரபு. எனினும் பாரசீக ஆட்சிவழக்கின் வாயிலாகவே அவை இங்கு வந்தன. 1985இல் ஆந்திர அரசு தாலுகாக்களுக்கு மாற்றாக மண்டலங்களை அமைத்தது. அலகின் பெயர் வடமொழியாயிற்று. அதன் வருவாய் அலுவலரோ இன்றும் தாசில்தார் என்றே வழங்கப்படுகிறார்.

ஈரானில் ஓர் ஊரின் இருப்பிடம் ஒஸ்தான், ஷஹ்ரெஸ்தான், பக்ஷ், தெஹெஸ்தான் என்னும் நான்கு படிநிலைகளாற் சுட்டப்படுகிறது. 'ஷஹ்ர்' நகரத்தைக் குறிப்பினும் ஷஹ்ரெஸ்தான் நகரமன்று. சிற்றூர்களையும் உள்ளடக்கிய நிலப்பரப்பு. தெஹெஸ்தான் ஊர்த்தொகுதி, நம் பிர்கா அல்லது குறுவட்டத்தோடு அதனை ஒப்பிடலாம்.

வடிவம் ஒத்துப் பொருள் வேறுபடும் சொற்களே மிகுந்த இடர் தருவன. தாலுகாவின் மூலமான 'தஅல்லுக்' இன்றைய பாரசீகத்தில் உரிமைத் தொடர்பைக் குறிக்குமேயன்றி நிலப்பிரிவைக் குறிப்பதில்லை. 'தஹ்ஸீல்' அங்குப் பெரும்பாலும் கல்வி கற்றலையும், 'தஹ்ஸீல்தார்' நிறுவனங்களுக்காகப் பணம் தண்டும் ஊழியரையும் குறிக்கும்.

இவற்றினும் கருதத்தக்கது 'ஆபாதி' என்னும் சொல். உருதுவில் இது மக்கள்தொகை. ஈரானியக் கணக்கெடுப்பிலோ குடியிருப்பு, அதாவது ஊர். அங்கு மக்கள்தொகைக்குரிய சொல் 'ஜம்இயத்'. நம் ஜமாபந்தியின் முற்பகுதியும் இதே வேரினதே. குடியற்ற ஊர்களையும் அக்கணக்கெடுப்பு ஆபாதி என்றே பதிவு செய்கிறது. உருது வழியே பொருள்கொள்பவர் இதனை 'ஆளில்லா மக்கள்தொகை' என்று பெயர்த்து, இருப்பிடத்தை எண்ணிக்கையாக்கிவிடக்கூடும்.

இந்தியக் கணக்கெடுப்பின் மொழி அட்டவணை, நாடு முழுவதும் 10,000 பேரேனும் பேசும் மொழிகளையே தனித்துக் காட்டும். 2001இல் இடம்பெற்ற பாரசீகம் அவ்வெண்ணிக்கையை எட்டாமையால் 2011இல் நீங்கிற்று. அட்டவணையினின்று நீங்கிய அம்மொழியின் சொற்கள் பேசுவோர் தொகையைச் சாராமல் வட்ட அலுவலகங்களில் நாள்தோறும் வழங்குகின்றன. ஆதலின் ஆட்சிச்சொல் அகராதிகள் ஒவ்வொரு சொல்லுக்கும் வேரை மட்டும் தந்து அமையாது, இங்குள்ள பொருளையும் ஈரானிய வழக்கின் பொருளையும் அருகருகே தருதல் வேண்டும். இன்றேல் பழகிய சொல்லே மொழிபெயர்ப்பாளரை முதலில் ஏமாற்றும்.