செத்தும் கொடுத்த பேஜர்

பேஜர் என்றதும் நினைவுக்கு வருவது 90களில் இடுப்பு பெல்ட்டில் தொங்கிய சின்ன கறுப்புப் பெட்டிதான். செல்போன் வந்ததும் அதன் கதை முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஜப்பானில் நடந்த கதை வேறு.

டோக்கியோவில் 1968ல் பேஜர் சேவை தொடங்கியது. அங்கே அதற்கு 'பாக்கெட் பெல்' என்று பெயர். முதலில் வெறும் 'பீப்' சத்தம் மட்டும்தான். சத்தம் கேட்டதும் பக்கத்தில் இருக்கும் போனுக்கு ஓட வேண்டும். ஊர் சுற்றும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கு அதுவே பெரிய வசதி.

1987ல் எண்களைக் காட்டும் பேஜர் வந்தது. அதன் பிறகுதான் வேடிக்கை! ஜப்பானிய மொழியில் ஒரே எண்ணைப் பல விதமாக உச்சரிக்கலாம். பள்ளி மாணவிகள் அதை வைத்தே தனி பாஷை உண்டாக்கிவிட்டார்கள். 0840 என்றால் 'ஒஹாயோ', அதாவது காலை வணக்கம். 14106 என்றால் 'ஐஷிதெரு', அதாவது உன்னைக் காதலிக்கிறேன். 1996ல் சந்தாதாரர்கள் சுமார் 1 கோடி பேர்.

பிறகு செல்போன் வந்து எல்லாவற்றையும் விழுங்கியது. டொகோமோ 2007ல் பேஜர் சேவையை நிறுத்தியது. கடைசியாக மிஞ்சிய டோக்கியோ டெலிமெசேஜ் நிறுவனமும் 2019 செப்டம்பர் 30 அன்று நிறுத்திவிட்டது. அப்போது மிச்சம் இருந்தவர்கள் சுமார் 1,500 பேர், பெரும்பாலும் மருத்துவத் துறையினர். அகிஹபாரா ரயில் நிலையம் அருகே பேஜருக்குப் பூ வைத்து அஞ்சலிகூட செலுத்தினார்கள்!

ஆனால் செத்தது பெட்டிதான், அலை அல்ல.

2011 மார்ச் 11 நிலநடுக்கத்தின்போது எல்லோரும் ஒரே நேரத்தில் போன் செய்தார்கள். நெரிசல் தாங்காமல் செல்போன் நிறுவனங்கள் 70 முதல் 95 சதவீதம் வரை அழைப்புகளைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. செல்போனில் ஒவ்வொருவருக்கும் தனி இணைப்பு தேவை. பேஜர் அப்படி இல்லை. கோபுரம் ஒருமுறை சொல்லும், எத்தனை கருவி இருந்தாலும் அத்தனையும் கேட்டுக்கொள்ளும். ஆயிரம் பேர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் நெரிசல் கிடையாது. அதன் 280 மெகாஹெர்ட்ஸ் அலை கட்டடங்களுக்குள்ளும் நன்றாக நுழையும்.

அதே டோக்கியோ டெலிமெசேஜ் இந்த அலையைப் பேரிடர் எச்சரிக்கைக்குத் திருப்பிவிட்டது. உள்ளாட்சி அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் செய்தியை வீட்டிலிருக்கும் கருவி வாய்விட்டுப் படிக்கும். ஸ்மார்ட்போன் பழகாத முதியவர்களுக்கும் புரியும். ஒரே குறை, கேட்டவர் பதில் சொல்ல முடியாது.

வியாபாரக் கணக்கில் 1,500 சந்தாதாரர்கள் என்பது நஷ்டம்தான். ஆனால் சுனாமி வரும் நேரத்தில் ஓர் எச்சரிக்கையின் மதிப்பை எந்தப் பேரேட்டில் எழுதுவது? செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். பேஜரும் அந்த ரகம்தான்!