பொது வரலாறு கற்பித்தல்

பொது வரலாறு என்பது, பல்கலைக்கழக வகுப்பறைக்கும் அறிஞர்கள் தமக்குள் வாசித்துக்கொள்ளும் ஆராய்ச்சி ஏடுகளுக்கும் அப்பால், அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், நினைவிடம், அரசாங்க அலுவலகம், நீதிமன்றம், வானொலி, ஊர்ச் சங்கம் ஆகிய இடங்களில், பொதுமக்களின் பொருட்டும் அவர்களோடு கூடியும் சரித்திர ஆராய்ச்சி முறையைக் கையாளும் துறையாகும். இத்துறைக்கு மாணவரைப் பயிற்றும் படிப்பு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1970-களில் தனி உருவம் பெற்று, பின்னர்ப் பிற நாடுகளுக்கும் பரவிற்று. சரித்திரப் படிப்பின் ஏனைய கிளைகள் காலத்தாலோ தேசத்தாலோ வகுக்கப்பெற்றவை. இக்கிளையோ, சரித்திரத்தை யார் கேட்கின்றனர், யார் அதனால் பயனடைகின்றனர் என்னும் வினாவால் வகுக்கப்பெற்றது. ஆதலின் இதனைக் கற்பிக்கும் ஆசிரியர், சான்றுகளைச் சோதித்தறியும் முறையோடு, அச்சான்றுகளில் தம் முன்னோரின் வாழ்வைக் காணும் மக்களுக்கு விடையளிக்கும் கடமையையும் மாணவருக்குப் பழக்கவேண்டியவராகிறார்.

முன்னோடி முயற்சிகள்

பெயர் புதியதாயினும் தொழில் பழையது. விஸ்கான்சின் மாநில வரலாற்றுச் சங்கம் 1846-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. தேசியப் பூங்காத்துறை 1930-களில் போர்க்களங்களையும் பழைய கட்டடங்களையும் பார்வையாளருக்கு விளக்கும்பொருட்டுச் சரித்திர ஆசிரியர்களை உத்தியோகத்தில் அமர்த்திற்று. 1934-இல் தேசிய ஆவணக் காப்பகம் நிறுவப்பெற்றது. பொருளாதாரப் பெருமந்தத்தின்போது வேலையற்றோருக்கு வாழ்வளிக்க ஏற்பட்ட கூட்டாட்சி எழுத்தாளர் திட்டத்தின்கீழ், 1936 முதல் 1938 வரை, அடிமைகளாகப் பிறந்து முதுமையெய்திய கறுப்பின மக்களின் வாய்மொழிகள் இரண்டாயிரத்து முந்நூற்றுக்கும் மேற்பட்டவை எழுதிவைக்கப்பட்டன. 1948-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் என்பார் வாய்மொழி வரலாற்றுக்கென ஓர் அலுவலகம் நிறுவினார். அருங்காட்சியகத் தொழிலுக்கான பட்டப் படிப்புகளுள் டெலவேர்ப் பல்கலைக்கழகம் வின்டர்தர் அருங்காட்சியகத்தோடு சேர்ந்து 1952-இல் தொடங்கியதும், நியூயார்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுனில் 1964-இல் தொடங்கியதும் குறிப்பிடத்தக்கவை. 1966-ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுச் சின்னப் பாதுகாப்புச் சட்டம், கூட்டாட்சி அரசின் பணத்தாலோ அனுமதியாலோ நடைபெறும் வேலைகள் பழஞ்சின்னங்களைப் பாதிக்குமா என ஆராய்வதைக் கட்டாயமாக்கியமையால், ஆவணங்களையும் கட்டடங்களையும் ஒருங்கே படிக்க வல்லவர்களின் தேவை பெருகிற்று.

சாந்தா பார்பராவில் தோற்றம்

இம்முயற்சிகளையெல்லாம் ஒரு பெயரின்கீழ்க் கொணர்ந்து பல்கலைக்கழகப் படிப்பாக வகுத்த பெருமை கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பராக் கிளைக்கு உரியது. அங்குச் சரித்திரப் பேராசிரியராயிருந்த ராபர்ட் கெல்லி, சியரா நெவாடா மலைச்சரிவுகளில் பொன் தேடியோர் பெருவிசையோடு நீரைப் பீய்ச்சி மலையைக் கரைத்தமையால் அம்மண் ஆறுகளை மேடாக்கிச் சாக்ரமெண்டோ சமவெளியின் வயல்களை மூடியதையும், உழவர்களுக்கும் சுரங்கத்தாருக்கும் மூண்ட வழக்கில் 1884-இல் நீதிபதி லாரென்சோ சாயர் அவ்வழக்கத்திற்குத் தடை விதித்ததையும் ஆராய்ந்து, 1959-இல் ஒரு நூல் வெளியிட்டவர். அந்நூலின் பயனாகக் கலிபோர்னியா மாநிலத்து நீர் வழக்குகளிலும் வெள்ளத்தடுப்பு வழக்குகளிலும் அவர் ஆலோசகராகவும் நிபுணர் சாட்சியாகவும் அழைக்கப்பெற்றார். ஓர் ஆற்றின் கரையை யார், எப்போது, எதற்காக உயர்த்தினர் என்னும் சரித்திர வினாவுக்கு நீதிபதியின் முன்னிலையில், எதிர்வழக்கறிஞரின் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டு விடை கூறவேண்டியிருந்த அவ்வனுபவமே, இத்தகைய பணிக்கு மாணவரை முறையாகப் பயிற்றலாகும் என்னும் எண்ணத்தை அவருள் விளைத்தது.

அக்காலத்தில் சரித்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றோர் பலர் ஆசிரியப் பதவி கிடைக்காமல் வருந்தினர் என்பதும் இப்படிப்பின் தோற்றத்திற்கு ஒரு காரணமாகும். 1976-இல் கெல்லியும், ஆப்பிரிக்க வரலாற்று அறிஞரான ஜி. வெஸ்லி ஜான்சனும், ராக்பெல்லர் அறநிதியத்தின் உதவியோடு இப்பட்டப் படிப்பைத் தொடங்கினர். 1978-இல் ‘தி பப்ளிக் ஹிஸ்டோரியன்’ என்னும் ஏடு ஜான்சனை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. 1979-இல் பொது வரலாற்றுக்கான தேசிய மன்றம் உருப்பெற்றது. வேலையின்மையைத் தீர்க்கும் உபாயமாகத் தொடங்கிய இப்படிப்பு, சில ஆண்டுகளுக்குள், சரித்திர அறிவின் இயல்பையே மறுபரிசீலனை செய்யும் துறையாக வளர்ந்தது என்பது இதன் வரலாற்றில் கருதத்தக்கது.

பாடத்திட்டம்

அமெரிக்காவில் இது பெரும்பாலும் இரண்டாண்டு முதுகலைப் படிப்பாக அமைகிறது. மாணவர் ஒருபுறம் ஏனைய சரித்திர மாணவரைப் போன்றே காலப்பகுதிகளையும் ஆராய்ச்சி முறைகளையும் பயில்கின்றனர். மறுபுறம் ஆவணக் காப்பியல், அருங்காட்சியகப் பணி, பழங்கட்டடப் பாதுகாப்பு, வாய்மொழி வரலாறு, கணினிவழி வரலாறு ஆகியவற்றுள் தமக்கேற்றவற்றைத் தெரிந்துகொள்கின்றனர். இவற்றோடு, ஒரு நிறுவனத்தில் அமர்ந்து வேலை பழகும் பயிற்சிக் காலமும், ஊரிலுள்ள ஒரு சங்கமோ நகராட்சியோ உண்மையாகவே வேண்டிக்கொண்ட ஒரு பணியை வகுப்பினர் அனைவரும் சேர்ந்து முடித்துக் கொடுக்கும் கூட்டுத் திட்டமும் இன்றியமையாதனவாகக் கருதப்படுகின்றன.

கூட்டுத் திட்டமே இப்படிப்பின் உயிர்நாடி. சரித்திர மாணவர் வழக்கமாகத் தனியே அமர்ந்து, தாமே தெரிந்துகொண்ட பொருளைப் பற்றி, ஒரே ஒரு பேராசிரியர் வாசிக்கும்பொருட்டு எழுதிப் பழகியவர். இங்கோ பொருளைப் பிறர் தருகின்றனர். குறித்த தேதியில் முடிக்கவேண்டும். செலவு வரம்புக்கு உட்பட்டது. எழுதியதை வடிவமைப்பாளரும், நிறுவனத்தாரும், ஊர்ப் பெரியவர்களும் படித்துத் திருத்தங் கூறுவர். ஒரு பருவம் முழுதும் ஆராய்ந்து எழுதிய இருபது பக்கக் கட்டுரையை, கண்காட்சிச் சுவரில் நின்றவாறே ஒருவர் படிக்கத்தக்க நூறு சொற்களுக்குள் அடக்கும் பயிற்சி, இவ்வகுப்புகளில் தவறாது இடம்பெறுவது. அடிக்குறிப்பில் ஐயத்தைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வசதி அங்கில்லை; ஐயத்தையும் எளிய சொல்லால் அந்நூறு சொற்களுக்குள்ளேயே சொல்லியாகவேண்டும். எதை விட்டுவிடுவது என்று தீர்மானிக்கும் ஒவ்வொரு கணத்திலும், விடப்பட்டது யாருடைய வாழ்வு என்னும் வினா மாணவர் முன் நிற்கும். நீண்ட கட்டுரை எழுதுவதினும் இது கடினமான ஆராய்ச்சிப் பயிற்சி என்பதைச் செய்து பார்த்தோர் மறுக்கமாட்டார்.

கணினியின் வருகை இப்படிப்பிற்குப் புதிய கருவிகளை நல்கிற்று. ராய் ரோசன்ஸ்வைக் 1994-இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் நிறுவிய மையம், 2001 செப்டம்பர் 11-ஆம் நாள் நிகழ்ச்சிகளைப் பற்றிய சாமானிய மக்களின் நினைவுகளையும் படங்களையும் இணையத்தின் வழியே திரட்டிக் காக்கும் பணியில் பங்குகொண்டது. அம்மையத்தார் 2008-இல் வெளியிட்ட ‘ஒமேகா’ என்னும் மென்பொருளைக் கொண்டு மாணவர்கள் இன்று இணையக் கண்காட்சிகளை அமைக்கின்றனர்.

வாய்மொழிச் சான்றும் அறநெறியும்

முதியோரைக் கண்டு பேசி அவர் நினைவுகளைப் பதிவுசெய்தல் எளிதெனத் தோன்றும். ஆயின், பேசுவோரின் காலத்தையும் ஊரையும் முன்னரே கற்றறிந்து செல்லுதல், குறுக்கிடாது கேட்டல், மௌனத்தை மதித்தல், பேச்சைச் சிதையாமல் எழுத்தாக்குதல், பதிவை யார் எப்போது பயன்படுத்தலாம் என்பதைப் பேசியவரே தீர்மானித்துக் கையொப்பமிடச் செய்தல் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே பயிலவேண்டியவை. கையொப்பத்தின் கனத்தை உணர்த்த ஆசிரியர்கள் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. பாஸ்டன் கல்லூரி 2001 முதல் நடத்திய பெல்பாஸ்ட் திட்டத்தில், வட அயர்லாந்துப் பூசலில் ஆயுதம் ஏந்திய இரு தரப்பாரும், தாம் உயிரோடிருக்கும்வரை தம் பேச்சு வெளிவராது என்னும் உறுதியை நம்பித் தம் செயல்களைக் கூறியிருந்தனர். 2011-இல், பழைய கொலை வழக்கொன்றை விசாரித்த வட அயர்லாந்துக் காவல்துறையின் பொருட்டு அமெரிக்க அரசு அப்பதிவுகளைச் சட்டப்படி கோர, நெடிய வழக்கின் முடிவில் அவற்றுள் ஒரு பகுதி ஒப்படைக்கப்பட்டது. சட்டம் காக்க இயலாத வாக்குறுதியைச் சரித்திர ஆசிரியர் அளிக்கலாகாது என்னும் பாடத்தை எந்த அறநெறி விதியும் இவ்வளவு தெளிவாகக் கற்பித்துவிடாது.

பகிர்ந்த அதிகாரம்

1990-இல் மைக்கேல் பிரிஷ் என்னும் அறிஞர் தம் நூலொன்றில் வற்புறுத்திய பகிர்ந்த அதிகாரம் என்னும் கொள்கை, இத்துறையின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்றாயிற்று. சரித்திரத்தை விளக்கும் அதிகாரம் கற்றவர் ஒருவர்க்கே உரியதன்று. அச்சரித்திரத்தை வாழ்ந்தவருக்கும் அதில் இயல்பாகவே பங்குண்டு என்பது அதன் சாரம். ரோசன்ஸ்வைக்கும் டேவிட் தெலனும் ஏறத்தாழ 1,500 அமெரிக்கரிடம் வினவி 1998-இல் வெளியிட்ட ஆய்வு, மக்கள் சரித்திரத்தில் சிரத்தையற்றவர் என்னும் அபிப்பிராயத்தைத் தகர்த்தது. குடும்பப் படங்களையும் முதியோர் வாய்மொழியையும் கொண்டு மக்கள் நாள்தோறும் கடந்த காலத்தோடு உறவாடுகின்றனர் என்பதும், கல்லூரிப் பேராசிரியரினும் அருங்காட்சியகங்களையே அவர்கள் மிகுதியாக நம்புகின்றனர் என்பதும் அவ்வாய்வால் புலனாயின.

இக்கொள்கை நடைமுறையில் எங்ஙனம் இயங்கும் என்பதற்கு நியூயார்க்கின் ஆப்பிரிக்கர் இடுகாடு தக்க சான்றாகும். 1991-இல் கூட்டாட்சி அரசின் அலுவலகக் கட்டடம் ஒன்றிற்கு அடித்தளம் தோண்டியபோது, குடியேற்றக் காலத்து ஆப்பிரிக்க மக்களின் எலும்புகள் வெளிப்பட்டன. தம் முன்னோரின் உடல்கள் தம்மைக் கேளாமலே அகழப்படுவதைக் கறுப்பின மக்கள் எதிர்த்தமையால் 1992-இல் அகழ்வு நிறுத்தப்பட்டது. 419 பேரின் எச்சங்கள் ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பிளேக்கி என்பாரின் தலைமையில் ஆராயப்பெற்று, 2003-இல் உரிய சடங்குகளுடன் மீண்டும் அடக்கஞ் செய்யப்பட்டன. வழித்தோன்றல்களாகத் தம்மைக் கருதிய மக்களின் வினாக்களே ஆராய்ச்சியின் திசையை வகுத்தன. அதனால் ஆராய்ச்சி குன்றவில்லை, விரிந்தது. அவர்கள் எங்கிருந்து வந்தனர், எத்தகைய உழைப்பால் உடல் நலிந்தனர், எங்ஙனம் எதிர்த்து நின்றனர் என்னும் வினாக்கள் அவ்வாறு எழுந்தவையே. 2006-இல் அவ்விடம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பெற்றது.

பூசல்கள்

மக்களோடு கூடிப் பணிபுரிவதில் உடன்பாடு எப்போதும் கிட்டுவதில்லை. ஆதலின் பூசல்களும் பாடமாகவே கற்பிக்கப்படுகின்றன. ஹிரோஷிமாவின்மீது அணுகுண்டு வீசிய ‘எனோலா கே’ விமானத்தைக் காட்சிக்கு வைத்து, அச்செயலின் காரணங்களையும் விளைவுகளையும் விளக்க வாஷிங்டனிலுள்ள தேசிய வான்பயண, விண்வெளி அருங்காட்சியகம் திட்டமிட்டபோது, முன்னாள் போர்வீரர் சங்கத்தாரும் செனட் சபையினரும் கடுமையாக எதிர்த்தனர். 1995 ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்டது, மே மாதத்தில் இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் பதவி விலகினார். இதனை ஆராயும் மாணவர் ஒரு தரப்பை வாழ்த்தி மறுதரப்பைப் பழிப்பதோடு அமையலாகாது. போரிலிருந்து உயிரோடு மீண்டவரின் நினைவும், காப்பகத்து ஆவணமும் முரண்படுமிடத்து, நினைவை அவமதியாமலும் ஆவணத்தை மறைக்காமலும் பேசும் வழியாது என்பதே அங்குக் கற்கவேண்டிய வினா.

வர்ஜீனியாவின் பழைய வில்லியம்ஸ்பர்க் நகரில் 1994 அக்டோபரில் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டிய நிகழ்ச்சி இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டு. துயரத்தைக் கேளிக்கையாக்குவதாகக் கறுப்பின உரிமைச் சங்கத்தார் எதிர்த்தனர். கறுப்பின நடிகரும் விளக்குநருமே முன்னின்று அதனை நடத்தினர். நேரிற் கண்டபின் எதிர்ப்பாளர் சிலர் தம் கருத்தை மாற்றிக்கொண்டனர். யார் சொல்கிறார் என்பதும், எவ்வளவு ஆயத்தத்தோடு சொல்கிறார் என்பதும் சொல்லப்படும் பொருளோடு ஒப்ப முக்கியமானவை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

பிற நாடுகளில்

பிரிட்டனில் இவ்வியக்கம் வேறொரு வேரிலிருந்து கிளைத்தது. ஆக்ஸ்போர்டில் உழைப்பாளருக்கென ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியில், ரபேல் சாமுவேல் 1960-களின் பிற்பகுதியில் தொடங்கிய வரலாற்றுப் பட்டறைகளில், சுரங்கத் தொழிலாளரும் இரயில்வே ஊழியரும் தம் தொழிலின் சரித்திரத்தைத் தாமே ஆராய்ந்தனர்; பின்னர் 1996-இல் அக்கல்லூரியில் பொது வரலாற்றில் முதுகலைப் படிப்பு ஏற்பட்டது. சுவீடனில் ஸ்வென் லிண்ட்க்விஸ்ட், தொழிலாளர் தம் ஆலையின் வரலாற்றைத் தாமே ஆராயவேண்டுமென வற்புறுத்தி 1978-இல் வெளியிட்ட நூல் பெரும் விளைவை உண்டாக்கிற்று. அமெரிக்க மரபு நிபுணரை உருவாக்கும் நோக்கிலிருந்தும், ஐரோப்பிய மரபு சாமானியரையே ஆராய்ச்சியாளராக்கும் நோக்கிலிருந்தும் புறப்பட்டு, இன்று ஒன்றையொன்று நெருங்கியிருக்கின்றன. இந்தியாவில் பெங்களூரின் சிருஷ்டி கலை, வடிவமைப்பு நிறுவனத்தில் பொது வரலாற்று மையம் ஏற்பட்டமை இவ்வழியில் குறிப்பிடத்தக்க தொடக்கமாகும்.

குறைகளும் தேவைகளும்

இப்படிப்பின்மீது கூறப்படும் ஆட்சேபங்கள் சில புறக்கணிக்கத்தக்கவையல்ல. பணம் கொடுத்து ஆராயச் சொல்லும் நிறுவனத்திற்கு உவப்பான முடிவையே ஆராய்ச்சியாளர் கூற நேருமோ என்னும் ஐயம் தொடக்க முதலே எழுந்தது. அதற்கு விடையாகவே தொழில் அறநெறி விதிகள் வகுக்கப்பெற்றுப் பாடத்தில் சேர்க்கப்பட்டன. ஊதியமற்ற பயிற்சிப் பணி, வசதியுள்ள குடும்பத்து மாணவருக்கே கைகூடுவதாய், ஏழை மாணவருக்குக் கதவடைப்பதாய் முடிகிறது. கண்காட்சியும் வாய்மொழித் தொகுப்பும் ஆராய்ச்சிப் புலமையாக மதிக்கப்படாமையால் ஆசிரியரின் பதவி உயர்வு தடைப்படுவதும் உண்டு. 2010-இல் அமெரிக்க வரலாற்றுக் கழகம் முதலிய சங்கங்கள் ஒருங்கிசைந்து, இத்தகைய பணியையும் புலமையாக மதிப்பிடும் முறைகளைப் பரிந்துரைத்தன.

இவையனைத்தினும் ஆழ்ந்த இடர்ப்பாடு காலத்தைப் பற்றியது. பல்கலைக்கழகத்தின் பருவம் சில மாதங்களில் முடிந்துவிடும். மாணவர் மதிப்பெண் பெற்றுச் செல்வர். ஆனால் தம் பழம்படங்களையும் நினைவுகளையும் நம்பிக் கொடுத்த ஊரார் அங்கேயே இருப்பர். பருவந்தோறும் புதிய மாணவர் வந்து அதே வினாக்களைக் கேட்டு, எதையும் திருப்பித் தராமல் போவாராயின், மக்களின் நம்பிக்கை தேய்ந்துபோவதில் வியப்பில்லை. ஆகவே இப்படிப்பைத் தொடங்க விரும்பும் பல்கலைக்கழகம் பாடத்தாள்களை வகுப்பதற்கு முன்னரே, அருகிலுள்ள காப்பகங்களோடும் ஊர்ச் சங்கங்களோடும் பல்லாண்டு நீடிக்கத்தக்க உடன்பாடுகளைச் செய்துகொண்டு, திரட்டியவற்றின் பிரதிகளை அவர்களுக்கே அளிக்க ஏற்பாடு செய்து, அவ்வுறவைப் பேணும் ஆசிரியருக்கு நிலையான பதவியும் மாணவருக்கு உரிய ஊதியமும் வழங்கவேண்டும். இவ்வேற்பாடுகள் உள்ள இடத்திலேதான் சான்றுக்கும் மக்களுக்கும் ஒருங்கே கடமைப்பட்ட சரித்திர ஆசிரியர் உருவாகமுடியும்.