குடல் அனுப்பும் தூது



பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துவரும் தாய்மார்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, தேத்தண்ணிக்குச் சீனி போடுவதையே நிறுத்திவிட்டேன். பிறகும் ஏன் இனிப்புநீர் குறையவில்லை?" என்பதே அது. நியாயமான கேள்விதான். 2019ஆம் ஆண்டு மலேசியாவில் நடந்த தேசிய உடல்நல ஆய்வின்படி, பெரியவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு இந்நோய் இருந்தது. இந்தியரிடையே அது நூற்றுக்கு முப்பத்தொன்று. ஆகவே, இது நம் வீட்டுக் கதை. இதற்கு விடை தேடிப் போனால், நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு ஒன்று நம்முன் விரிகிறது.

1889ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். நாய்க்கு இனிப்புநீர் நோய் கண்டது. நோயின் இருப்பிடம் கணையம் என்று அன்று தெரிந்தது.

அப்படியானால் குடலுக்கு இதில் என்ன வேலை? 1902ஆம் ஆண்டு லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு அறிஞர்கள் ஒரு சோதனை செய்தனர். நாயின் சிறுகுடலில் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டு, அதனுள் அமிலத்தைச் செலுத்தினர். நரம்பே இல்லாதபோதும் கணையம் செரிமான நீரைச் சுரந்தது! பின்னர் குடலின் உட்தோலைச் சுரண்டி அரைத்து, அதன் சாற்றை இரத்தத்தில் செலுத்தினர். அப்போதும் கணையம் சுரந்தது. குடல் இரத்தத்தின் வழியே கணையத்துக்குத் தூது அனுப்புகிறது என்பது விளங்கியது. இத்தகைய தூதுப் பொருளுக்கு 1905ஆம் ஆண்டு ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்று பெயரிட்டார்.

மறு ஆண்டே லிவர்பூல் நகரின் மூர் என்பவரும் அவர் நண்பர்களும் துணிந்து ஒரு காரியம் செய்தனர். குடலிலிருந்து எடுத்த சாற்றை நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தனர். சிலருக்குச் சிறுநீரில் சர்க்கரை குறைந்தது. ஆனால், மற்றவர்கள் செய்து பார்த்தபோது அப்பலன் கிட்டவில்லை.

1921ஆம் ஆண்டு கனடாவின் டொரோண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் இருவரும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தனர். 1922 ஜனவரியில், சாவின் விளிம்பில் இருந்த பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது; அவன் பிழைத்தான். உலகமே இன்சுலினைக் கொண்டாடியது. குடலின் தூதை மறந்தது. 1932ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் லாபார் அதற்கு 'இன்கிரெட்டின்' என்று பெயர் சூட்டியும், பெயர் மட்டுமே நின்றது.

ஏன்? இரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க அப்போது வழியில்லை. 1960ஆம் ஆண்டு நியூயார்க்கில், முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில், ரோசலின் யாலோ அம்மையாரும் பெர்சனும் அதற்கு வழி கண்டனர். அதற்காக யாலோ 1977ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். அந்த அளவுகோல் கிடைத்ததும், 1964ஆம் ஆண்டு உண்மை வெளிப்பட்டது. குளுக்கோஸை நேராக இரத்த நாளத்தில் ஏற்றுவதைவிட, குடல் வழியாகச் செலுத்தும்போதே இன்சுலின் அதிகமாகச் சுரந்தது!

வெட்டுக்காட்டிலிருந்து பால் வந்து சேருமுன் ஸ்டோருக்கு ஆள் அனுப்பித் தயாராக இருக்கச் சொல்வது போல, "சர்க்கரை வருகிறது" என்று குடல் கணையத்துக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறது.

அந்தத் தூதர்களில் ஒருவரான ஜி.ஐ.பி. 1970களில் அடையாளம் காணப்பட்டது. மற்றொன்றான ஜி.எல்.பி.-1, 1980களில் பாஸ்டன் நகரில் ஹேபனர், ஸ்வெட்லானா மோய்சோவ் ஆகியோராலும், டென்மார்க்கில் ஹோல்ஸ்ட் என்பவராலும் ஆராயப்பட்டது. இது குடலின் அடிப்பகுதி உயிரணுக்களில் சுரப்பது. இதன் சிறப்பு, இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும்போது மட்டுமே இன்சுலினைத் தூண்டுவது. குறை, ஓரிரு நிமிடங்களிலேயே ஒரு நொதியால் சிதைந்துபோவது.

இதற்குத் துணை வந்தது ஒரு நச்சுப் பல்லி! 1992ஆம் ஆண்டு, யாலோ பணியாற்றிய அதே மருத்துவமனையில், ஜான் எங் என்ற மருத்துவர், அமெரிக்கப் பாலைவனத்து கிலா பல்லியின் நச்சில் ஜி.எல்.பி.-1 போன்ற, ஆனால் நெடுநேரம் நிலைக்கும் பொருளைக் கண்டார். அதிலிருந்து உருவான ஊசிமருந்து 2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிதைக்கும் நொதியைத் தடுக்கும் மாத்திரையும் மறு ஆண்டே வந்தது. 1906இல் மூர் கண்ட கனவு நனவாக நூறு ஆண்டுகள் ஆயின.

இனி, தாய்மார்களின் கேள்விக்கு வருவோம். சீனியை நிறுத்துவது நல்லதே. ஆனால் சோறும் ரொட்டியும் குடலில் சர்க்கரையாகவே மாறுகின்றன. பெரியவர்களுக்கு வரும் இனிப்புநீரில், குடல் சொல்லி அனுப்பினாலும் கணையம் அதற்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. ஆகவே தேத்தண்ணியோடு தட்டையும் பார்க்க வேண்டும். சோற்றைக் குறைத்துக் கீரையையும் காய்கறியையும் கூட்ட வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கஷாயம் குடித்தால் போதுமென்று ஊசியையும் மாத்திரையையும் தாமாக நிறுத்திக் காலை இழந்தவரை நாம் கண்டிருக்கிறோம். மூரின் சாறு சிலருக்குப் பலன் தந்தது போலத் தோன்றியும், சோதனையில் நிற்கவில்லை. பக்கத்து வீட்டார் சொல்லும் மருந்துக்கும் அதே சோதனை உண்டு. டாக்டரைக் கேளாமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.