முத்திரை: ஒட்டுவதும் குத்துவதும்

தமிழ்நாட்டில் தபால்தலை என்றும் அஞ்சல்தலை என்றும் வழங்கும் பொருளை யாழ்ப்பாணத்தார் முத்திரை என்றே சொல்வர். சிங்களத்தில் அதற்குள்ள 'முத்தரய' என்ற பெயரும், தமிழ் முத்திரையும், 'முத்ரா' என்னும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. ஆணையுடையவர் தம் அடையாளத்தை அழுத்திப் பதிப்பதையும், அதைப் பதிக்கும் கருவியையும், அது பொறித்த மோதிரத்தையும் அச்சொல் ஒருங்கே குறித்தது. நந்தியுருவும் 'சேது' என்ற எழுத்தும் தாங்கிய ஆரியச் சக்கரவர்த்திகளின் காசுகள், அத்தகைய அரசமுத்திரை யாழ்ப்பாணத்தில் வழங்கியதற்குச் சிறந்த சான்று.

1840இல் பிரித்தானியா ஒட்டும் தாளை அறிமுகப்படுத்தியது. இலங்கையின் முதல் முத்திரை, விக்டோரியா அரசியின் தலையுருவுடன், இங்கிலாந்துக்குச் செல்லும் கடிதங்களுக்கான ஆறு பென்ஸ் பெறுமதியில் 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வெளியாயிற்று. தமிழ்நாட்டார் அத்தாளில் அச்சிட்ட தலையை நோக்கிப் பெயரிட்டனர் எனக் கொண்டால், யாழ்ப்பாணத்தார் அது செய்யும் வேலையை, அதாவது கட்டணம் செலுத்தப்பட்டதற்கு அரசு தரும் உறுதியை நோக்கினர் எனலாம். தமிழ்நாட்டிலும் இப்பொருள் மறையவில்லை. முத்திரைத்தாள், முத்திரைத் தீர்வை என வருவாய்த்துறையில் நிலைத்துவிட்டது. இலங்கையில் அது மேலும் விரிந்து, 1979இல் தொடங்கிய நிவாரணத் திட்டத்தின் சீட்டுக்கும் உணவு முத்திரை என்ற பெயரைத் தந்தது.

முத்திரை விற்கும் இடமான தபாற்கந்தோரின் பெயரிலும் ஆட்சி மாற்றங்களின் தடம் உண்டு: கந்தோர் என்பது 1658 முதல் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரின் 'கன்டோர்', அதாவது அலுவலகம்.

ஒட்டுவதும் முத்திரை, அது மறுபடி பயன்படாதவாறு கந்தோரில் மைகொண்டு குத்துவதும் முத்திரை என்ற வழக்கு குழப்பம் தருவதாகத் தோன்றினும், தபால் வரலாற்றை ஆராய்வோருக்கு மிகப் பொருத்தமானது. ஊரும் நாளும் காட்டும் குத்துமுத்திரையே கடிதம் சென்ற வழியைச் சொல்வதால், உறையை நீரில் ஊறவைத்துத் தாளை மட்டும் பிரித்தெடுப்பது அச்சான்றின் பெரும்பகுதியை அழிப்பதாகும். 1859ஆம் ஆண்டின் எண்கோணச் சட்டமுடைய முத்திரைகளை ஓரம் ஒட்ட வெட்டியவர்களும் இவ்வாறே அவற்றின் மதிப்பைக் கெடுத்தனர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய உறைகளில் இவ்விழப்பு இன்னும் பெரிது; ஏனெனில் ஊர்காவற்றுறையைக் 'கயிற்ஸ்' என்றும் பருத்தித்துறையைப் 'பொயின்ற் பீட்றோ' என்றும் போர்த்துக்கேயர் காலத்துப் பெயர்வழியில் ஆங்கில எழுத்தில் காட்டும் குத்துமுத்திரைகள், தம் ஊரை மக்கள் அழைத்த பெயரும் அரசு பதிந்த பெயரும் வேறுவேறாய் இருந்த காலத்துக்கு நேர்ச்சான்றுகளாக அவற்றில்தான் எஞ்சியுள்ளன.